குப்பத்துக் கடைவீதியில் ஒரு படச்சட்டம்

சென்ற தை மாதம் நான் தாயகம் சென்று திரும்பியதை அறிந்த சங்கத்து அன்பர்கள் சிலர், "எங்கெங்கே போனீர்கள்? என்னென்ன பார்த்தீர்கள்?" என்று ஆவலோடு வினவினார்கள். மாமல்லபுரம், மதுரை, கன்னியாகுமரி என்று நான் அடுக்குவேன் என எதிர்பார்த்திருப்பார்கள் போலும். நானோ விடுமுறையின் பெரும்பகுதியைச் சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள குப்பத்தில் கழித்தேன். அங்கும் நான் நெடுநேரம் உட்கார்ந்திருந்த இடம் கோவிலன்று; கடைவீதியிலுள்ள ஒரு படச்சட்டக் கடை. அதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இலண்டன் இல்லத்தின் கூடத்தில் என் பெற்றோரின் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. 1961-ஆம் ஆண்டில், தந்தையார் குப்பம் புகைவண்டி நிலையத்தில் சரக்கு எழுத்தராக இருந்தபோது, அவ்வூர் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தந்தையார் நாற்காலியில் அமர்ந்திருப்பார். அன்னையார் அருகே நிற்பார். அன்னையாருக்கு அதைத் தவிர வேறு படம் கிடையாது. இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்று என் தமக்கையாரிடம் தங்கிவிட்டது, மற்றொன்றை 1986-இல் கடல் கடக்குமுன் நான் கண்ணாடி போட்டு எடுத்துச் சென்றேன். அன்று கடைக்காரப் பெரியவர், படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே சுற்றிலும் ஒரு மவுண்டு அட்டை வைப்பது நல்லது, அதற்கு ஆறு ரூபாய் கூடும் என்றார். "அட்டை எதற்கு? அதை எடுத்துவிடுங்கள், கண்ணாடியோடு சேர்த்தே போடுங்கள்" என்றேன் நான். விமானச் சீட்டுக்குக் கடன் வாங்கியிருந்த காலம். ஆறு ரூபாய் எனக்குப் பெரிது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கூடத்துக்கு வண்ணம் பூசுவதற்காகப் படத்தை இறக்கினேன். அன்னையாரின் முகத்தில் ஈரம் பட்டதுபோல் ஒரு பளபளப்பு தெரிந்தது. துடைத்துப் பார்த்தேன்; போகவில்லை. அருகிலிருந்த சட்டக் கடைக்கு எடுத்துச் சென்றபோது கடைக்காரர் விளக்கினார். பழைய புகைப்படத் தாளின் மேற்பூச்சு ஜெலட்டினால் ஆனது. அறையின் ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுத்தால் உருவம் கண்ணாடியோடு வந்துவிடும். பிரிக்காமல் அப்படியே பிரதி எடுப்பதுதான் வழி. அட்டையின் கனம் அளவுக்கு இடைவெளி இருந்திருந்தால் இந்தத் துன்பமே நேர்ந்திராது என்றும் சொன்னார். பிரதி எடுத்தோம், பளபளப்பும் சேர்ந்தே வந்தது. அதற்குச் சட்டம் போட நூற்று நாற்பது பவுண்டு ஆகும் என்றார். நான்கு துண்டு மரம், ஒரு கண்ணாடி, நான்கு ஆணி. இதற்கு நூற்று நாற்பது பவுண்டா என்று என் மனம் கொதித்தது. பிரித்தானியாவில் 1910 முதல் இயங்கிவரும் நுண்கலை வணிகர் சங்கம், அருங்காட்சியகத் தரம் முதல் குறைந்தபட்சத் தரம் வரை சட்ட வேலைக்கு ஐந்து படிகள் வகுத்திருப்பதை அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். நான் பொறுமையின்றிக் கேட்டுவிட்டு, படத்தை உறையில் இட்டுக்கொண்டு வெளியேறினேன்.

படம் பாழானதைத் தமக்கையாரிடம் நான் சொல்லவில்லை. தொலைபேசியில் எத்தனையோ முறை பேசினோம். அதை மட்டும் சொல்ல நா எழவில்லை. அவருடைய பிரதி தகரப் பெட்டியில் பட்டுப் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக இருப்பதை அறிந்து, "இம்முறை வந்து அதற்கு நல்ல சட்டம் போட்டுத் தருகிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் புகைவண்டி சோலையார்பேட்டையைத் தாண்டியதும் மேட்டில் ஏறத் தொடங்குகிறது. சோமநாயக்கன்பட்டி, பச்சூர் வரை தமிழகம், மல்லானூரில் ஆந்திரம் வந்துவிடும், அடுத்தது குப்பம். இன்னும் சிறிது தூரம் போனால் கருநாடகம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 680 மீட்டர் உயரமாதலால் தை மாதக் காலையில் நல்ல குளிர். பழைய வட ஆர்க்காடு மாவட்டத்துக் கங்குந்தி ஜமீனைச் சேர்ந்த பகுதி இது. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிறந்தபோது அதனுள் அடங்கியது. 1953-இல் ஆந்திரத்தோடு போயிற்று. 1960 ஏப்ரலில் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோதும் குப்பம் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. பலகைகள் தெலுங்கில் இருக்கின்றன. பேரமோ தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் நடக்கிறது. ஒரே வாக்கியத்தில் மூன்றும் வருவதைக் கேட்பது எனக்கு இன்பம். 1997-இல் திராவிடப் பல்கலைக்கழகத்தை நிறுவ இவ்வூரைத் தேர்ந்தவர்கள் இந்தக் கடைவீதியில் ஒரு மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும்.

அதே கடை இன்னும் இருந்தது. பெரியவர் காலமாகிவிட்டார், அவருடைய மகன் நடத்துகிறார். சுவரின் ஒரு பக்கம் முழுவதும் படங்கள்: வேங்கடவன், முருகன், ஊரார் கொண்டாடும் திருப்பதி கங்கம்மன். நடுவே பழைய அச்சுப்படம் ஒன்று, ஓரம் பழுப்பேறிய இலக்குமி. கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் மாணவர்களும் தீட்டிய ஓவியங்கள் சிவகாசியில் அச்சாகி நாடெங்கும் பரவிய காலம் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்கும் முன்னோடி, 1894-இல் இரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகம். தாளில் தெய்வம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் ஊர்தோறும் கண்ணாடி போடுபவருக்கு வேலை பெருகியது. தாள் காசுக்கு வந்தது; அதற்குப் போட்ட சட்டம் அன்றும் தாளைவிடப் பன்மடங்கு விலைதான்.

மற்றொரு சுவரில் சட்டக் கட்டைகளின் மாதிரி மூலைகள், அறுபதுக்குக் குறையாமல், அம்புத் தலைகள்போல் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. படத்தின் அளவைச் சொன்னேன். அட்டையோடு சேர்த்து 16 அங்குலத்துக்கு 20 அங்குலம் என்று முடிவாயிற்று. ஒன்றரை அங்குல அகலமுள்ள ஒரு கருமரப் பட்டையைக் காட்டினேன். சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்து, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றார். இலண்டன் விலையோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம். ஆயினும் என்னுள் இருந்த 1986-ஆம் ஆண்டு இளைஞன் உடனே விழித்துக்கொண்டு கணக்குப் போடலானான். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லவும் சொன்னான்.

அவர் கோபிக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்த ஆணியை வைத்துவிட்டு, "உட்காருங்கள் சார், கணக்கைச் சேர்ந்தே பார்ப்போம்" என்றார். அவர் சொன்னதை, எண்களைச் சற்று முழுமையாக்கி இங்கே தருகிறேன். படம் மாட்டும் வீட்டார் யாவருக்கும் பயன்படும்.

16-க்கு 20 படத்தின் சுற்றளவு 72 அங்குலம். ஆறடிக் கட்டை போதும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஆனால் மூலைகள் பொருந்த ஒவ்வொரு துண்டையும் இரு முனைகளிலும் 45 பாகைச் சாய்வில் வெட்ட வேண்டும். அப்போது ஒவ்வொரு துண்டின் வெளிவிளிம்பும் கட்டையின் அகலத்தைப்போல் இரு மடங்கு நீண்டுவிடும். நான்கு துண்டுக்கும் சேர்த்துக் கட்டை அகலத்தின் எட்டு மடங்கு. ஒன்றரை அங்குலக் கட்டைக்கு அது 12 அங்குலம்; ஆக 84 அங்குலம், ஏழடி. அகலமான கட்டையைத் தேர்ந்தெடுப்பவர் விலையில் மட்டுமன்றி நீளத்திலும் கூடுதலாகக் கொடுக்கிறார் என்பதை எத்தனை பேர் அறிவர்?

கதை அதோடு முடியவில்லை. கட்டை ஒன்பதரை அடி நீளத்தில், அதாவது 114 அங்குலமாக வருகிறது. ஏழடி போனால் மிச்சம் 30 அங்குலம். அந்த அகலத்தில் அதைக்கொண்டு அஞ்சலட்டைக்குக் கூடச் சட்டம் போட முடியாது. நாலுக்கு ஆறு படத்துக்கே 32 அங்குலம் தேவை. கடையின் மூலையைக் காட்டினார். விறகுக் கட்டுப்போல் துண்டுகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அடி நாற்பது ரூபாய் என்றால் எனக்குத் தெரிந்த கணக்கு 280. அவருக்குத் தெரிந்த கணக்கு முழுக் கட்டையின் 380.

கண்ணாடியிலும் இதே கதை. 16-க்கு 20 என்பது சதுர அடியில் 2.22. கண்ணாடிக் கடையிலோ அளவை மூன்று அங்குலப் படிகளாக மேலேற்றி, 18-க்கு 21 என்று கணக்கிட்டு 2.63 சதுர அடிக்குக் காசு வாங்குகிறார்கள். சதுர அடி அறுபது என்றால் 158 ரூபாய். குப்பத்துப் பச்சைக் கருங்கல் உலகச் சந்தையில் பெயர் பெற்றது. இங்குள்ள கல்லறுக்கும் பட்டறைகளிலும் பலகையை அறுக்கும்போது ஓரம் கழிவாகப் போகிறது. சதுர அடியில் விற்கும் எந்த வாணிகத்திலும் மூலையில் ஒரு குவியல் இருக்கும் போலும்.

அட்டை, பின்பலகை, கொக்கி, தாள் ஆகியவற்றுக்கு 200. ஆக 740 ரூபாய் பொருள். அதைப்போல் இரு மடங்கு அவர் கேட்ட விலை. "பாதி உழைப்புக்கு" என்று நான் சொல்லவந்தேன். அவர் தலையசைத்து, அப்பாதியை மீண்டும் பங்கு போட்டார். வாடகை, மின்சாரம், வெட்டும்போது உடையும் கண்ணாடி, அறுபது மாதிரிக்கும் ஓரிரு கட்டையாவது வாங்கி வைத்த முதல். ஒரு மாதிரியைத் தொழிற்சாலை நிறுத்திவிட்டால் மிச்சக் கட்டை செத்த சரக்கு. இதையெல்லாம் கழித்தபின் அவர் கைக்கு வருவது ஒரு முற்பகல் வேலைக்கான கூலிதான்.

இன்னொரு சூட்சுமமும் அவரிடம் கற்றேன். எல்லாக் கட்டைக்கும் ஒரே மடங்கு வைப்பதில்லை. மிக மலிவான கட்டைக்கு வாங்கிய விலையைப்போல் மூன்று மடங்கு, இடைப்பட்டதற்கு இரண்டு, உயர்ந்த தேக்குக்கு ஒன்றரை. அறுப்பதும் இணைப்பதும் எல்லாவற்றுக்கும் ஒரே பாடாகையால், பத்து ரூபாய்க் கட்டையில் ஒன்றரை மடங்கு வைத்தால் கூலிக்குக் கூடக் காணாது. ஆகவே மலிவானதை வாங்குபவரே மடங்குக் கணக்கில் மிகுதியாகக் கொடுக்கிறார். அமெரிக்கச் சட்டக் கடைகளிலும் இவ்வாறே விலை ஏற ஏற மடங்கைக் குறைக்கும் வழக்கம் உண்டு. அங்கே நீள அகலங்களைக் கூட்டி, 16-க்கு 20 என்றால் 36 என்று ஓர் எண்ணாக்கி அட்டவணையில் விலை பார்ப்பார்கள். குப்பத்துச் சுவரில் தொங்கிய அட்டவணை பென்சிலால் எழுதியது என்பதே வேற்றுமை.

பேச்சினிடையே ஒரு பெண்மணி வந்தார். கையில் கைபேசி, அதில் ஒரு முதியவரின் முகம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்றார். கடைக்காரர் அவரிடம் முதலில் விலையைச் சொன்னார், இரண்டு முறை சொன்னார், பிறகே அளவு கேட்டார். அவர் போனதும் எனக்கு விளக்கினார்: "இந்தப் படத்துக்கு வருபவர்கள் விலை கேட்கமாட்டார்கள் சார். அதனாலேதான் நானே முந்திச் சொல்லிவிடுவது. அப்பா பழக்கிய வழக்கம்." கண்ணாடியே வேண்டாத லேமினேஷன் பலகைகள் கலியாணப் படங்களை எல்லாம் கொண்டுபோய்விட்டன, காலமானவர்களின் படந்தான் அவருடைய கடையை இன்று தாங்குகிறது.

படத்தை நாளை கொண்டுவருகிறேன் என்று சொல்லி வீடு திரும்பினேன். விலையைக் கேட்ட தமக்கையார் திடுக்கிட்டார். "முதலில் திருப்பதிக்குப் போய் வருவோம். அங்கே கடைகள் இருக்கின்றன, விலை விசாரிக்கலாம்" என்றார். தரிசனத்துக்கு ஏற்கெனவே பதிவு செய்திருந்தோம். வெங்கடகிரிக்கோட்டை, பலமநேர், சித்தூர் வழியாகப் பேருந்தில் சென்றோம். 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகிவிட்டதால், தம் மாவட்டத்திலிருந்து பெருமாளைப் பிரித்துவிட்டார்கள் என்று தமக்கையாருக்கு ஒரு குறை உண்டு. வழியெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மலையிலிருந்து இறங்கி, கோவிந்தராசர் கோவிலைச் சுற்றியுள்ள கடைகளில் நுழைந்தோம். வேங்கடவன் படங்கள் எத்தனை அளவுகளில், எத்தனை சட்டங்களில்! கேட்ட விலையில் பாதியிலிருந்து தமக்கையார் பேரம் தொடங்கினார். 12-க்கு 18 படமொன்று, கண்ணாடியும் பொன்னிறச் சட்டமும் சேர்த்து, குப்பத்துக்காரர் வெறுங் கட்டைக்குக் கேட்ட தொகையைவிடக் குறைவாக முடிந்தது. "பார்த்தாயா தம்பி? சாமியும் சேர்த்து இந்த விலை!" என்று வெற்றியோடு என்னைப் பார்த்தார்.

திரும்பும் பேருந்தில் பயணச்சீட்டின் பின்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓரங்குலக் கட்டையில் 12-க்கு 18 சட்டத்துக்கு 68 அங்குலம் வேண்டும். 8-க்கு 10 சட்டத்துக்கு 44. இரண்டும் சேர்ந்து 112. கட்டையின் நீளம் 114. வாள் தின்னும் மரத்தூளைக் கழித்தால் மிச்சமே இல்லை! ஆயத்தச் சட்டம் செய்பவன் கட்டையைப் பார்த்து அளவை வகுத்துக்கொள்ளலாம். படத்தையும் அந்த அளவுக்கே அச்சடிக்கலாம். ஒன்று உடைந்தால் அடுத்ததை எடுத்து மாட்டலாம். எங்கள் குப்பத்துக் கடைக்காரருக்கு 1961-இல் எவரோ வெட்டிய அளவு தலையெழுத்தாக வருகிறது. கையிலிருந்து நழுவினால் மாற்றுப் படமும் இல்லை. அவருடைய அட்டவணையில் அதற்கென ஒரு வரி இல்லை. அன்று காலையில் அவர் ஆணியைத் தவிர எல்லாவற்றையும் மேசையிலிருந்து அகற்றி, துணி விரித்து, கை கழுவிக்கொண்டு வந்து வேறொருவரின் பழம்படத்தைத் தொட்டதை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் இருவரும் கடைக்குச் சென்றோம். தமக்கையார் பெட்டியிலிருந்து எடுத்த படத்தைத் தாளிலிருந்து பிரித்தார். அன்னையாரின் முகம் பளிச்சென்றிருந்தது. மூக்குத்தி தெரிந்தது, நான் அதை மறந்தே போயிருந்தேன். கடைக்காரர் படத்தை விரல் நுனியால் ஓரத்தில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, விலையை மறுபடி சொன்னார்.

"திருப்பதியில் பாதி விலைக்குப் போடுகிறார்கள் அப்பா" என்று தொடங்கினார் தமக்கையார். இருநூறு குறைக்க வேண்டும் என்றார். அவர் அகலம் குறைந்த ஒரு கட்டையைக் காட்டி, இதில் நூற்றைம்பது குறையும் என்றார். தமக்கையாருக்கு அந்த அகலக் கட்டைதான் பிடித்திருந்தது. விலைச் சீட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இந்த அட்டை எதற்கு? அதை எடுத்துவிடு. கண்ணாடியோடு சேர்த்தே போட்டுவிடு."

கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவரை முந்திக்கொண்டு நான், "அக்கா, அட்டை இருக்கட்டும்" என்றேன். ஏன் என்றார். கடைக்கு வெளியே அழைத்துச் சென்று, இலண்டன் படத்துக்கு நேர்ந்ததைச் சொன்னேன். அன்றைய ஆறு ரூபாயையும் சொன்னேன். பூ விற்பவள் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள்; அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். "முகமா?" என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன்.

உள்ளே திரும்பி வந்து, இடுப்புச் சுருக்குப் பையைத் தாமே அவிழ்த்தார். நான் தடுத்தும் கேட்கவில்லை. "சின்னக் கட்டையே போடப்பா. அட்டை மட்டும் நல்லதாகப் போடு. இவனுக்கும் இதிலிருந்து ஒரு பிரதி எடுத்து, அதற்கும் அட்டை வைத்துக் கொடு" என்றார். அட்டைக்குக் காடி இல்லாத நல்ல தாளே போடுவதாகவும், ஒன்றாகச் செய்வதால் இரண்டாம் சட்டத்துக்கு வெட்டுக்கூலி வேண்டாம் என்றும் கடைக்காரர் சொன்னார். அக்கா ரூபாயை எண்ணி வைத்தார்.

இரண்டாம் சட்டம் கண்ணாடியில்லாமல் என்னோடு விமானமேறி வந்தது. கண்ணாடியை இங்கே, முன்பு நான் கோபித்துக்கொண்டு வெளியேறிய அதே கடையில் வெட்டி வாங்கினேன். விலை கேட்காமலே அளவைச் சொன்னேன். அவர்தாம் முதலில் விலையைச் சொன்னார்.